அறிமுகமும் வேவும்

ஒரு மக்களைப் பற்றி வேறொரு மக்கள் எழுதும் நூல்களைத் திறனாயும்போது நம்மவர் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றனர்: இதில் எழுதியிருப்பது மெய்யா, பொய்யா? பொய்யெனக் கண்டால் சினந்து மறுப்பு எழுதுகின்றனர். மெய்யெனக் கண்டால் மகிழ்ந்து பாராட்டுகின்றனர். இக்கேள்வி தேவையானதே, ஆனால் போதுமானதன்று. ஒரு நூல் முழுவதும் மெய்யாகவே இருந்து, அந்த மெய்யே அம்மக்களின் வீட்டுக் கூரையைப் பிளக்கும் குண்டுக்கு வழிகாட்டுமாயின், அந்நூலை எவ்வாறு மதிப்பிடுவது? மானிடவியல் என்னும் கல்வித்துறைக்கும் இக்காலப் போர்முறைக்கும் இடையே நூறாண்டுக்கு மேலாக இருந்துவரும் உறவை நோக்குவோர் இவ்வினாவைத் தவிர்க்க இயலாது.

மானிடவியலாளர் தொலைதூர மக்களிடையே சென்று தங்கி, அவர்தம் மொழியைக் கற்று, உறவுமுறை, மணமுறை, வழக்குத் தீர்க்கும் முறை, வழிபாடு ஆகியவற்றை நேரிற் கண்டு எழுதுவோர். அவர்களுடைய முதற் கருவி புகைப்படப் பெட்டியன்று, அளவுகோலுமன்று. அம்மக்களின் விருந்தோம்பலே ஆகும். ஒரு குடும்பம் அந்நியர் ஒருவருக்குத் திண்ணையில் இடம் தந்து, அவர் கேட்டதற்கு விடை சொன்னால்தான் அவரால் ஒரு வரியேனும் எழுத முடியும். ஆகவே அவர் எழுதிக் குவிப்பவை யாவும் அவரிடம் நம்பி ஒப்படைக்கப்பட்ட அமானிதமே.

ஒரு நூவெர் கேட்ட கேள்வி

பிரித்தானிய அறிஞர் ஈவான்ஸ்-பிரிச்சர்ட் 1940ஆம் ஆண்டில் வெளியிட்ட 'நூவெர்' என்னும் நூல் இத்துறையின் பெருநூல்களுள் ஒன்று. இன்று தெற்குச் சூடான் எனப்படும் நிலத்தில் மாடு மேய்த்து வாழும் நூவெர் மக்களைப் பற்றியது அது. அன்றைய ஆங்கில-எகிப்தியச் சூடான் அரசாங்கத்தின் வேண்டுகோளை ஏற்று அவர் அவ்வாய்வை மேற்கொண்டார். 1930இல் நூவெர் நாட்டில் முதன்முறையாகக் கால் வைத்தார். அதற்குச் சில ஆண்டுகளே முன்னர், 1920களின் இறுதியில், அரசாங்கம் அம்மக்கள் மீது படை நடத்தி விமானத்திலிருந்து குண்டு வீசியிருந்தது. விமானம் முன்னே வந்தது. ஆய்வாளர் பின்னே வந்தார்.

நூலின் தொடக்கத்திலேயே இரு செய்திகளை ஆசிரியர் மறைக்காமல் தருகிறார். தாம் தங்கியிருந்த முகாமை ஒரு நாள் விடியற்காலையில் அரசுப் படையினர் சூழ்ந்து, கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய இருவரைத் தேடி, பிணையாட்களைப் பிடித்துச் சென்றனர் என்பது ஒன்று. நூவெர் ஒருவரிடம் அவருடைய பெயரையும் குலப்பெயரையும் கேட்டபோது, அம்மனிதர் நேராக விடை கூறாது, இதைத் தெரிந்து நீர் என்ன செய்யப் போகிறீர், உம்முடைய நாட்டுக்கு எடுத்துச் செல்வீரோ என்னும் பொருள்பட எதிர்வினா எழுப்பி நழுவினார் என்பது மற்றொன்று. இரண்டாவதனை ஆசிரியர் நகைச்சுவையாகவே எழுதுகிறார். படிப்போருக்கும் சிரிப்பு வரும். ஆனால் முதற் செய்தியை அதன் அருகே வைத்துப் படித்தால் சிரிப்பு அடங்கிவிடும். குலப்பெயரைக் கேட்டவரின் கூடாரத்தருகே துப்பாக்கிகள் வந்து நின்ற ஊர் அது. விடை சொல்ல மறுத்தவர் அறியாதவர் அல்லர். அந்நூலுக்கு வாய்த்த முதல் திறனாய்வாளர் அவரே.

இதனால் ஈவான்ஸ்-பிரிச்சர்டை ஒற்றர் என்று தள்ளிவிடுவதும் நீதியாகாது. இரண்டாம் உலகப்போரில் அவர் பிரித்தானிய இராணுவத்தில் பணியாற்றினார். லிபியாவின் கிழக்குப் பகுதியான ஸைரனைகாவில் இராணுவ நிர்வாக அதிகாரியாகவும் இருந்தார். அந்த அனுபவத்திலிருந்து 1949இல் வெளிவந்த ஸனூஸிகளைப் பற்றிய அவரது நூல், 1931இல் தூக்கிலிடப்பட்ட உமர் முக்தாரின் மக்கள் இத்தாலியரிடம் பட்ட பாட்டை மதிப்போடு பதிவு செய்தது. படையினரோடு சென்ற பேனாவும் நீதி பேசக்கூடும். ஆயினும் அந்த நூவெர் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

இரண்டு சொற்கள்

திருக்குர்ஆனில் சூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் 'தஜஸ்ஸுஸ்' என்பதனை விலக்குகிறது. அதாவது பிறருடைய மறைவுகளைத் துருவி அறிதல். ஜாஸூஸ், ஒற்றன் என்னும் சொல்லும் இவ்வேரிலிருந்து பிறந்ததே. அதனை அடுத்த 13ஆம் வசனம் மனிதர்கள் இனங்களாகவும் குலங்களாகவும் ஆக்கப்பட்டதன் நோக்கத்தைக் கூறுகையில் 'தஆருஃப்' என்பதனைச் சுட்டுகிறது. அதாவது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளுதல். அறிதலின் இரு வகைகள் அடுத்தடுத்த வசனங்களில் நிற்கின்றன. ஒன்று விலக்கப்பட்டது, மற்றொன்று படைப்பின் நோக்கமே ஆனது.

இவற்றிடையே உள்ள வேறுபாட்டை ஸர்ஃபு இலக்கணம் பயிலும் மாணவனும் எடுத்துக்காட்டுவான். தஆருஃப் என்பது 'தஃபாஉல்' என்னும் பாபைச் சேர்ந்தது. இருபக்கத்தாரும் ஒரே வினையில் பங்குகொள்வதை அவ்வாய்பாடு காட்டும். தஜஸ்ஸுஸ் என்பதோ 'தஃபஃஉல்' பாபைச் சேர்ந்தது. ஒருவன் வருந்தி முயன்று ஒன்றைச் செய்வதை அது இங்குக் குறிக்கிறது. மற்றவருக்கு அதில் பங்கில்லை. நான் உன்னை அறிவேன், நீயும் என்னை அறிவாய் என்பது அறிமுகம். நான் உன்னை அறிவேன், நீ என்னைக் காணவும் மாட்டாய் என்பது வேவு. ஒரு மக்களைப் பற்றிய நூலை எடைபோட இதனினும் நேரிய துலாக்கோல் எனக்குத் தெரியவில்லை.

இலக்கணத்திலிருந்து மனத்தைப் பிடித்தல்

இத்துலாக்கோலில் ஒரு நூலை நிறுத்துப் பார்ப்போம். ஹங்கேரியில் பிறந்து பின்னர் அமெரிக்காவில் வாழ்ந்த ரஃபேல் பட்டாய் 1973இல் 'அரபு மனம்' என்னும் பொருள்படும் நூலை எழுதினார். அவர் அரபு மொழி கற்றவர், உழைப்பாளி. ஆனால் பல நாடுகளில் பரந்து வாழும் கோடிக்கணக்கான மக்களுக்கு ஒரே மனம் உண்டென்று கொண்டு, அதை அவர்களுடைய மொழியிலிருந்து எடுத்துக்காட்ட அவர் முயன்றார். அரபியர் 'முபாலகா', அதாவது மிகைப்படுத்திக் கூறலில் திளைப்பவர். 'தவ்கீத்', அதாவது வலியுறுத்தித் திரும்பக் கூறலில் இன்புறுபவர். அவர்தம் வினைச்சொற்கள் காலத்தைத் தெளிவாக வரையறுக்காமையால் காலவுணர்வும் அவர்களிடம் நெகிழ்ந்தது என்பன அவர் காட்டும் சான்றுகளுட் சில.

மாளியும் முளாரிஃயும் மட்டுமே கொண்டு காலத்தை உணர்த்த அரபு திணறுகிறது என்று நினைப்பவர் 'கத்', 'ஸவ்ஃப', 'கான' ஆகியவற்றின் தொழிலை மறந்தவர். அவற்றைச் சேர்த்து அண்மை இறப்பையும், எதிர்வையும், தொடர்ந்து நடந்த இறந்தகாலச் செயலையும் பிரித்துரைப்பதை மதரஸாவின் தொடக்க வகுப்பிலேயே கற்பிக்கின்றனர். அது நிற்க, நம் தமிழை எடுத்துக்கொள்வோம். உண்டுகொண்டிருப்பவனை வாசலில் நின்று தோழன் அழைத்தால், "இதோ வந்துவிட்டேன்" என்கிறான். அவன் இன்னும் எழவேயில்லை. "இந்த மழையில் போனால் செத்தாய்" என்கிறாள் தாய். மகன் நன்றாகத்தான் இருக்கிறான். விரைவும் தெளிவும் பற்றிக் காலம் மயங்கி வருவதை நன்னூலார் காலவழுவமைதி என ஏற்றுக்கொண்டார். தீயைக் கண்டவன் "தீ, தீ, தீ" என்று கூவுவதை அடுக்குத்தொடர் என்றும், மிகைப்படுத்திப் புகழ்தலை உயர்வு நவிற்சி அணி என்றும் நம் இலக்கணம் வகுத்தது. இவற்றைக் கொண்டு, தமிழர் காலமறியாதவர், மிகை பேசும் இயல்பினர், ஒன்றைப் பலமுறை சொன்னாலன்றி நம்பாதவர் என்று ஒருவர் நூல் எழுதினால் நாம் அதனைத் திறனாய்வு என்போமா? எல்லா மொழிகளும் செய்வதை ஒரு மொழி மட்டும் செய்வதாகக் காட்டுவதே இவ்வகை நூல்களின் அடிப்படைப் பிழை.

பிழையான நூல் என்று அலமாரியில் வைத்துவிட்டால் கேடில்லை. ஆனால் 2002இல் வந்த மறுபதிப்புக்கு முன்னுரை எழுதியவர் அமெரிக்க இராணுவத்தின் சிறப்புப் போர்ப்பயிற்சி நிலையத்தில் மத்தியக் கிழக்குப் பாடத்திற்குப் பொறுப்பாயிருந்தவர். அதிகாரிகளுக்குப் பாடம் நடத்த இந்நூல் பயன்பட்டதை அவரே தெரிவித்தார். அரபியரை மானபங்கத்தால் எளிதில் வீழ்த்தலாம் என்னும் கருத்து ஈராக் படையெடுப்புக்கு முந்திய மாதங்களில் போரை ஆதரித்தோரிடையே பேசப்பட்டது என்றும், அதற்கு அடிக்கடி சுட்டப்பட்டது இந்நூலே என்றும் 2004இல் பத்திரிகையாளர் செய்மூர் ஹெர்ஷ் எழுதினார். அபூ குரைப் சிறையின் படங்கள் உலகுக்குத் தெரியவந்ததும் அவ்வாண்டிலேயே. அங்கு நடந்தவற்றை எந்த நாட்டு மனிதனுக்குச் செய்தாலும் அவன் உடைந்துபோவான். அதை அறிய 'அரபு மனம்' எதற்கு? மனித மனம் போதும். பட்டாய் 1996இல் மறைந்தார். சிறையில் நடந்ததற்கு அவர் மீது பழி சுமத்த முடியாது. ஆனால் ஒரு மக்களைத் திறக்கக்கூடிய பூட்டாகக் கருதி எழுதப்பட்ட நூல், சாவி தேடுவோர் கைக்குப் போய்ச் சேர்ந்ததில் வியப்பில்லை.

படைக்குக் கல்வி

2006ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க இராணுவம் கிளர்ச்சி அடக்கும் போர்முறைக்கெனப் புதிய கையேடு ஒன்றை வெளியிட்டது. பண்பாடு, உறவுமுறை, சடங்கு ஆகியவற்றை விளக்கும் பகுதிகள் அதில் இருந்தன. மாக்ஸ் வேபர், விக்டர் டர்னர் முதலிய அறிஞர்களின் வாசகங்கள் பெயர் கூறப்படாமலே அதில் எடுத்தாளப்பட்டிருப்பதை மானிடவியலாளர் டேவிட் பிரைஸ் 2007இல் வெளிப்படுத்தினார். ஹதீஸ் கலையில் பழகியவர்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். யாரிடமிருந்து யார் கேட்டார் என்னும் இஸ்னாத் அறுந்த செய்திக்கு அங்கு மதிப்பில்லை. சொன்னவரும் சொன்ன சூழலும் நீங்கியபின் எஞ்சியிருப்பது அறிவன்று. எவர் கையிலும் பொருந்தும் ஓர் ஆயுதம்.

அதே 2007இல் 'மனித நிலப்பரப்பு அமைப்பு' என்னும் திட்டம் களத்துக்கு வந்தது. சமூக ஆய்வாளர்கள் படைப்பிரிவுகளுடன் ஆப்கானிஸ்தானிலும் ஈராக்கிலும் சென்று, ஊராரிடம் பேசி, படைத்தலைவர்களுக்கு அறிவுரை கூறினர். 2014இல் அது முடிவுற்றபோது அதற்கான செலவு 70 கோடி டாலரைக் கடந்திருந்தது. அத்திட்டத்தின் பெயரே ஒரு திறனாய்வுக்குரியது. நிலப்பரப்பு என்பது படைவீரன் கடக்க வேண்டிய மேடு பள்ளம். மலையிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. ஆறு எதிர்வினா எழுப்புவதில்லை. மக்களை நிலப்பரப்பு என்று அழைத்தபோதே அந்த நூவெர் கேட்ட கேள்விக்கு இடமில்லாமற் போயிற்று.

அத்திட்டத்தை நடத்தியோரின் வாதத்தையும் நேர்மையோடு கேட்க வேண்டும். மக்களை அறியாத படை கண்மூடிச் சுடும். அறிந்த படை குறைவாகச் சுடும். ஆகவே அறிவைக் கொடுப்பது உயிர்களைக் காப்பதே என்றனர். நல்லெண்ணத்துடன் சேர்ந்தவர்களும் உண்டு. ஆய்வாளர் மூவர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒரு பெண்மணி 2008 நவம்பரில் கந்தஹார் பகுதியில் ஓர் ஊர்க்காரரிடம் எரிபொருள் விலை பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில், அம்மனிதன் அவர்மீது எரிபொருளை ஊற்றித் தீவைத்தான். அவர் 2009 ஜனவரியில் மாண்டார். பிடிபட்டுக் கைகள் கட்டுண்ட நிலையில் இருந்த அம்மனிதனை அவருடன் சென்ற குழுவினர் ஒருவர் சுட்டுக் கொன்றார். பின்னர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்குச் சிறைத்தண்டனை இல்லாத நன்னடத்தைக் காலமே விதிக்கப்பட்டது. இந்நிகழ்ச்சியில் மகிழத்தக்கது எதுவுமில்லை. விலை கேட்கும் சாதாரணப் பேச்சும், சுற்றிலும் துப்பாக்கி ஏந்தியோர் நிற்கையில் சாதாரணப் பேச்சாக இருக்க முடியாது என்பதே அதன் பாடம். கேட்பவரின் உள்ளத்தில் அன்பு இருக்கலாம். மறுக்கும் உரிமை கேட்கப்படுபவரிடம் இல்லையெனின் அது அறிமுகமாகாது.

அமெரிக்க மானிடவியல் சங்கத்தின் செயற்குழு 2007 அக்டோபர் 31இல் இத்திட்டம் தம் துறையறிவின் ஏற்கத்தகாத பயன்பாடு என அறிவித்தது. அச்சங்கத்துக்கு இவ்விழிப்பு எளிதில் வந்ததன்று. முதல் உலகப்போரில் ஆய்வாளர் நால்வர் ஆராய்ச்சி என்னும் போர்வையில் ஒற்று வேலை செய்தனர் என்று 1919 டிசம்பரில் ஃபிரான்ஸ் போவாஸ் வெளிப்படையாக எழுதினார். சங்கம் ஒற்றர்களைக் கண்டிக்கவில்லை. 20க்கு 10 என்ற வாக்கில் போவாஸைக் கண்டித்தது. அக்கண்டனம் நீக்கப்பட்டது 2005இல்தான். உண்மை சொன்னவரின் பெயர் துடைக்கப்பட 86 ஆண்டுகள் ஆயின.

முகம் காணாத கண்

படையோடு சென்ற ஆய்வாளராவது எதிரே நின்றார். ஊரார் அவர் முகத்தைக் கண்டனர். அவருக்குப் பின் வந்த கருவிக்கு முகமே இல்லை. 2011 மார்ச் 17இல் பாகிஸ்தானின் வட வஜீரிஸ்தானில் தத்தா கேல் என்னுமிடத்தில் குலத்தலைவர்கள் திறந்தவெளியில் ஒரு ஜிர்கா கூட்டினர். குரோமைட் சுரங்கம் ஒன்றைப் பற்றிய வழக்கைத் தீர்ப்பது அதன் நோக்கம். அருகிலிருந்த பாகிஸ்தான் இராணுவத்தினருக்கு முன்னதாகவே தகவல் தரப்பட்டிருந்தது. அமெரிக்க ஆளில்லா விமானம் அதன்மீது ஏவுகணை வீசியது. ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். மாண்டவர்கள் போராளிகளே என அமெரிக்க அதிகாரிகள் வாதிட்டனர். பாகிஸ்தான் இராணுவத் தளபதி வெளிப்படையாகக் கண்டித்தார்.

ஜிர்கா என்றால் என்ன என்பது மானிடவியல் நூல்களில் விரிவாக எழுதப்பட்டதே. ஆகவே இங்குக் குறைந்தது தகவலன்று. ஆண்கள் பலர் ஓரிடத்தில் கூடினர் என்பது வானிலிருந்து பார்க்கும் கருவிக்கு ஓர் அடையாளம், அவ்வளவே. எதற்குக் கூடினீர் என்று அதனால் கேட்க முடியாது. எங்கள் வழக்கைத் தீர்க்க என்று அவர்களாலும் சொல்ல முடியாது. யார் யாருடன் எப்போது தொலைபேசியில் பேசினார் என்னும் குறிப்புகளைக் கொண்டே மனிதர்களைக் கொல்கிறோம் என்று அமெரிக்க உளவுத்துறையின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஹேடன் 2014இல் பொதுமேடையில் கூறினார். காஸாவில் இலக்குகளைக் குறிக்க 'லாவெண்டர்' என்னும் கணினி முறை பயன்படுத்தப்பட்டது என 2024 ஏப்ரலில் இஸ்ரேலியப் பத்திரிகையாளர் எழுதினர். அவ்வாறு சித்திரிப்பதை இஸ்ரேல் இராணுவம் மறுத்தது. உறவினர், நண்பர், அண்டை வீட்டார் என்னும் தொடர்புகளை வரைபடமாக்கும் கலை மானிடவியலுக்கு உரியது; அக்கலை இன்று உரையாடலை இழந்து கணக்காகிவிட்டது.

திரட்டிய அறிவு திரட்டியவரிடமே தங்குவதுமில்லை. ஆப்கானிஸ்தானில் இலட்சக்கணக்கானோரின் கருவிழியையும் கைரேகையையும் அமெரிக்கப் படையினர் பதிவு செய்தனர். 2021 ஆகஸ்டில் அவர்கள் வெளியேறியபோது, அப்பதிவுக் கருவிகள் சில தாலிபான்களின் கைக்குப் போயின என்று செய்தி வந்தது. அமெரிக்கரை நம்பி விரலைக் கொடுத்தவர்களே அப்போது அஞ்ச வேண்டியவராயினர்.

நம் ஏடுகளிலும்

இக்குற்றம் மேலைநாட்டாருக்கு மட்டும் உரியதென்று கூறி முடித்தால் வாசகர்களுக்கு மனநிறைவு உண்டாகலாம். ஆனால் அது உண்மையாகாது. வரலாற்றுத் தத்துவத்தின் தந்தையெனப் போற்றப்படும் இப்னு கல்தூன் 1401இல் டமாஸ்கஸ் நகருக்கு வெளியே தைமூரைச் சந்தித்தார். நகர் முற்றுகையில் இருந்ததால் மதிலிலிருந்து கயிற்றால் இறக்கப்பட்டே அவர் சென்றார். மக்ரிப் நாடுகள் முழுவதையும் தாம் கண்ணாற் காண்பதுபோல் எழுதித் தருமாறு தைமூர் கேட்க, அவரும் எழுதிக் கொடுத்தார். இதனைத் தம் வரலாறு கூறும் நூலில் அவரே தெரிவிக்கிறார். உலகை வெல்லப் புறப்பட்டவன் ஒரு நாட்டின் வருணனையைக் கேட்பது எதற்கு என்பதை அஸபிய்யாவின் இயல்பை ஆராய்ந்த அப்பேரறிஞர் அறியாதவரா? பின்னர் அவர் மக்ரிப் மன்னருக்குத் தைமூரையும் தாத்தாரியரையும் பற்றி எழுதியனுப்பினார் என்பது ஓரளவு ஈடு. ஆனால் கொடுத்தது கொடுத்ததே.

அல்பிரூனியின் நிலை வேறு. அவரும் வெற்றியாளனின் நிழலில் இருந்தவரே. 1017இல் குவாரிஸ்ம் வீழ்ந்தபின் கஜினிக்குக் கொண்டுவரப்பட்டவர். மஹ்மூதின் படைகள் திறந்த வழியில்தான் அவருக்கு இந்தியா கிடைத்தது. எனினும் 1030 அளவில் எழுதிய தம் நூலில், அப்படையெடுப்புகள் இந்நாட்டின் வளத்தைச் சிதைத்தன என்றும், மக்கள் நெஞ்சில் வெறுப்பை விதைத்தன என்றும் மறைக்காது எழுதினார். வடமொழி கற்று, பதஞ்சலியின் யோக நூலை அரபியில் தந்தார். அதற்கும் மேலாக, யூக்ளிடின் நூலையும் தாலமியின் 'அல்மஜஸ்தி'யையும் இந்நாட்டு அறிஞருக்காக வடமொழியில் பெயர்த்துத் தர முற்பட்டதாக அவரே கூறுகிறார். எடுத்தவர் கொடுக்கவும் செய்தார். கேட்டவர் கேட்கப்படவும் இடம் தந்தார். தஃபாஉல் என்னும் வாய்பாட்டுக்கு இதனைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

ஆகவே ஒரு மக்களைப் பற்றிய நூல் கையில் கிடைக்கும்போது, மெய்யா பொய்யா என்று கேட்ட பின்னும் மூன்று வினாக்கள் எஞ்சியிருக்கின்றன. இது யாருடைய கேள்விக்கு விடையாக எழுதப்பட்டது? எழுதப்பட்ட மக்கள் இதனைப் படித்து மறுமொழி கூற இடம் உண்டா? அவர்கள் விடை தர மறுத்திருந்தால் அம்மறுப்பு மதிக்கப்பட்டிருக்குமா? நம் பிள்ளைகள் பலர் இன்று பல்கலைக்கழகங்களில் சமூகவியலும் கணினியியலும் பயில்கின்றனர். அவர்களுள் சிலர் நாளை பிறர் வீட்டுத் திண்ணையில் குறிப்பேட்டுடன் அமர்வர். சிலர் முகமறியாத மனிதர்களின் தொடர்புகளைக் கணக்கிடும் வேலையில் அமர்வர். தேர்வுக்குரிய பாடங்களோடு இம்மூன்று வினாக்களையும் பெற்றோரும் ஆசிரியரும் அவர்களுக்குக் கற்பிப்பார்களாக. அமானிதத்தை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்று தெரியாமல் ஒப்படைப்பவரும் அதனைப் பேணியவர் ஆகார்.